இரண்டு படிப்பையும் விடாதே

ரவாங், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகள் மலர்விழிக்கு,

அம்மா பிழைத்துவிட்டேன் என்பதை முதலில் தெரிந்துகொள். வலது கையில் மாவுக்கட்டு. இப்போது புனிதா சித்தி வீட்டில் இருக்கிறேன்; நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் போன் நொறுங்கிப் போய்விட்டது. நியூசிலாந்தில் குளிர் ஆரம்பித்திருக்குமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

சித்தி உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னாளாம். முழுவதையும் நீ என்னிடமிருந்துதான் கேட்க வேண்டும்.

நீ உடற்கூற்றியலோடு ஓவியமும் சேர்த்துப் படிப்பதை அப்பா யாரிடமும் சொன்னதில்லை. "மக டாக்டர் மாதிரி படிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார். உங்கள் பல்கலைக்கழகம் மாணவர் கண்காட்சிப் படங்களை இணையத்தில் போட்டதல்லவா? அப்பா ஓட்டும் லோரி கம்பெனி ஆள் ஒருவர் உன் படத்தை அவருக்கே அனுப்பி, "அண்ணே, இது உங்க கை மாதிரியே இருக்கு லா" என்றாராம். அடுப்படியில் ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும் ஆண். சுண்டுவிரல் பாதி இல்லாத கை. கிள்ளானில் அந்தக் கையைத் தெரியாதவர் யார்?

அன்று மத்தியானமே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். லோரியில் இருக்கும் பெரிய சுத்தியல் கையில். உன் அறைக் கதவை உதைத்துத் திறந்து, நீ செய்து வைத்த களிமண் தலைகளை எல்லாம் அடித்து உடைத்தார். சுவரில் இருந்த படங்களைக் கிழித்தார். கை எலும்புகளை வரைந்து பெயர் எழுதி ஒட்டியிருந்தாயே, அதை மட்டும் நான் இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டேன். "கைய எடு" என்றார். எடுக்கவில்லை. சுத்தியல் மணிக்கட்டுக்கு மேல் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவளை முடியைப் பிடித்துக் கூடம் வரை இழுத்து வந்து, "பெத்த அப்பன ஊருக்குக் காட்டிக் குடுக்கவா படிக்க அனுப்புனேன்?" என்று கேட்டுக் கேட்டு வயிற்றில் உதைத்தார்.

பக்கத்து வீட்டுக் கொர்னேலியஸ் அங்கிள் வாசல் கிரில் கதவின் பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் நெற்றியும் கிழிந்தது. எப்படியோ அப்பாவைத் தரையில் சாய்த்து, முதுகில் முழங்காலை ஊன்றி அமுக்கிவிட்டார். சுத்தியல் என் பக்கத்தில் கிடந்தது. இடது கையால் எடுத்தேன், மலர். அவர் தலைக்கு மேல் ஓங்கினேன். அடித்திருப்பேன். அங்கிளின் மனைவி சாந்தமேரி பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்து, "வேணாம்க்கா, பிள்ளைய நெனச்சுப் பாருங்க" என்று கதறினாள். போலீஸ் வரும்வரை பிடியை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, முறிந்தது முன்கையின் ரேடியஸ் எலும்பு என்றார். தெரியும், என் மகள் வரைந்திருக்கிறாள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்பா ஜாமீனில் வந்து சுங்கை வே பக்கம் தன் தம்பி வீட்டில் இருக்கிறார். என் அருகே வரக்கூடாதென்று கோர்ட் உத்தரவு. அதனால் உன் சித்தப்பா தூது வந்தார். நான் போலீஸ் ரிப்போர்ட்டை மீட்டுக்கொண்டு, நீயும் படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு ஓவியப் படிப்பை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமாம். "ஒரு படத்துக்காகக் குடும்பத்த ஒடைக்கிறதா அண்ணி?" என்றார். கட்டுப் போட்ட கையை மேசை மேல் தூக்கி வைத்து, "படமா தம்பி இத ஒடச்சிச்சு?" என்று கேட்டேன். கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழுந்து போனார்.

நீயும் சித்தியிடம், "என்னாலதான் இப்படி, ஓவியத்த விட்டுடுறேன்" என்று அழுதாயாமே. உன்னால் இல்லை, கண்ணு. நீ பிறப்பதற்கு முன்பே ஓங்கிய கை அது. அவர் கூப்பிட்டால் போனை எடுக்காதே. டிக்கெட் போட்டு ஓடி வராதே. இரண்டு படிப்பையும் முடித்துவிட்டு வா. உனக்கு ஒரு குறையும் வராமல் மாரியாத்தா காக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அந்தப் படத்தில் என் முகத்தை முடியால் மூடிவிட்டாய். அம்மாவுக்கு மானம் போய்விடுமே என்று நினைத்திருப்பாய். அடுத்த முறை மூடாதே. பார்க்கிறவர்களை நானும் பார்க்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா ரமணி