தண்ணீர் ஏறும் நேரத்தில் எடுத்த இரண்டு போத்தல்கள்

போன ஞாயிறு உன் வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்ததுமே பெலாச்சான் இறால் விழுதின் நாற்றம். தூண்டில் இரை உருட்டிய கையோடுதான் நீ எதையும் தொடுவாய். நீ இறந்துபோய் ஒரு வருஷம் ஆகியும் அந்த வாடை போகவில்லை. "அவ சாமானெல்லாம் ஒதுக்கிக்கிட்டு இருக்கேன். இது கடல் தண்ணி ஏறி இறங்குற நேரம் போட்ட காலண்டரு. நீங்க லேப்ல இருக்கிறவங்க, உங்களுக்குப் புரியும்மா," என்றார். நம் இருவருக்கும் பேச்சில்லாமல் போனது அவருக்குத் தெரியாதா, இல்லை தெரிந்தேதான் கொடுத்தாரா? என் புத்தி முதலில் அந்தப் பக்கம்தான் போனது.

இறால்கள் கரையேறிய வருஷத்துக் காலண்டர் அது. நீளக் கை வைத்த ஊடாங் காலா இறால்கள் மயங்கிப்போய்க் கரையோரம் ஒதுங்கியதும் தோட்டத்து ஜனமே வாளியோடு ஓடியது. அதிர்ஷ்டம் என்றார்கள். மறுநாள் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தபோதுதான் சிரிப்பு நின்றது. நாம் இருவரும் லேப்பில் வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் கால்வாய்தான் காரணம் என்று ஆற்றில் இறால் பிடிக்கிறவர்கள் புகார் எழுதினார்கள்.

அந்த வாரம் நீ லீவில் இருந்தாய். மேனேஜர் என்னை அனுப்பினார். கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல் எடுத்தேன். இரண்டிலும் மீன் மூச்சுக்கு வேண்டிய உயிர்வளி கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டிலும் மிகக் குறைவு. கழிவு நம்முடையதாக இருந்தால் மேலே எடுத்த தண்ணீர் நன்றாக இருக்க வேண்டும். அது நன்றாக இல்லை. ஆகவே கெடுதல் மேலேயிருந்து வருகிறது, நம் ஆலைக்குச் சம்பந்தமில்லை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தத் தாளைக் காட்டியதும் புகார் அடங்கிவிட்டது. கோலசிலாங்கூர் சந்தையில் இறால் விற்கும் கிழவர் ஒருவர் என்னை நிறுத்தி, நிஜந்தானா என்று மலாயில் கேட்டார். நிஜந்தான் என்றேன். படித்த பெண் சொல்கிறாள் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

லீவு முடிந்து வந்த நீ அந்தத் தாளை நின்றபடியே படித்தாய்.

"தண்ணி அப்ப எந்தப் பக்கம் போய்க்கிட்டு இருந்துச்சு?"

"ஆறு கடலுக்குத்தான் போவும். வேற எங்க லா போவும்?"

"பார்த்தியா?"

"என்னாடி, பொய் எழுதிட்டேன்னு சொல்றியா?"

நீ தாளை மேசையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையெழுத்தோடு அறிக்கை போனது உனக்குப் பொறாமை என்று நினைத்தேன். புகார் எழுதியவர்களோடு சேர்ந்து தூண்டில் போடுகிறவள் நீ. நம் லேப் கணக்கை அவர்களுக்குச் சொன்னதே நீதான் என்றும் நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் வேறு மேசைக்கு மாறினேன். உன் சாவுக்கு வந்தபோதும் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இப்போது அந்தக் காலண்டரில், நான் போத்தல் எடுத்த அதே தேதி. உன் பென்சில் எழுத்து: "பாலத்துகிட்ட உக்காந்திருக்கேன். தண்ணி மேல ஏறுது." என்னைக் குற்றம் சொல்ல இதைப் பிறகு எப்போதாவது எழுதி வைத்திருப்பாயோ என்று முன்பக்கமும் பின்பக்கமும் புரட்டிப் பார்த்தேன். அப்போதும் உன்மேல்தான் சந்தேகப்பட்டேன், பார். ஆனால் அச்சடித்த எண் உன் கையெழுத்து இல்லையே. அன்று கடல் நிறைகிற நேரம் நண்பகல் என்று போட்டிருந்தது. என் அறிக்கையில் நான் தண்ணீர் எடுத்த நேரம் காலை பத்தேகால்.

கடலுக்குத் தூரமான ரவாங்கில் வளர்ந்தவள் நான். அங்கே ஆறு ஒரே பக்கம்தான் போகும். இங்கே கடல் ஏறினால் ஆறு திரும்பி ஓடும் என்பது காதில் விழுந்த சேதியாகத்தான் எனக்கு இருந்தது. கால்வாயிலிருந்து வந்த கழிவையும் அந்தத் தண்ணீர் மேலே தள்ளிக்கொண்டு போயிருக்கலாம். நான் 'மேலே' என்று நம்பி எடுத்த போத்தலில் இருந்தது நம் கழிவாகவே இருக்கலாம். இருந்தது என்று இன்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்று அன்று சொன்னதற்கும் ஆதாரம் கிடையாது.

புதன்கிழமை தண்ணீர் நன்றாக இறங்கும்வரை காத்திருந்து, ஒரு இலையைப் போட்டு அது கடல் பக்கம் போவதைப் பார்த்தபிறகு இரண்டு போத்தல் எடுத்தேன். மேலே எடுத்தது பரவாயில்லை. கீழே எடுத்தது மோசம். ஒருநாள் கணக்கு எல்லா நாளுக்கும் ஆகாது, தெரியும். அதையும் சேர்த்தே எழுதினேன்: அன்றைய போத்தல்களை வைத்து ஆலைமேல் தவறில்லை என்று சொன்னது என் பிழை, இன்றைய கணக்கு இது, தண்ணீர் இறங்கும்போது பலநாள் எடுத்துப் பாருங்கள். சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கும் புகார் எழுதியவர்களுக்கும் அனுப்ப ஒவ்வொரு பிரதி.

அனுப்புவதற்கு முன்னால் உன் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் இன்னமும் அதே ஆலையில்தான் லோரி ஓட்டுகிறார். எனக்கு வேலை போகலாம்; காலண்டர் வந்த வழி தெரிந்தால் அவரையும் நோண்டுவார்கள். நீ அன்று வாயை மூடிக்கொண்டது அதற்காகத்தானோ என்றுகூட உள்ளுக்குள் ஒரு அரிப்பு.

மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவளும் இப்படி ஒன்னு எழுதினாம்மா. இந்த ஆத்தோட போக்கு உங்களுக்குப் பழக்கமில்ல, நேர்மையாத்தான் எழுதியிருக்கீங்கன்னு அதுல போட்டிருந்தா. நாந்தான் கிழிச்சுப் போட்டேன். ரெண்டு வீட்டுக்கும் வேல போயிரும்னு பயந்துட்டேன்."

"இப்ப என்னாண்ணே சொல்றீங்க?"

"அனுப்புங்க."

கிழித்த தாளுக்குச் சாட்சி ஏது? வழக்கமாக நான் கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஒரு ஆதாரமும் இல்லாமல் நம்பினேன். அழுகை வந்தது, அங்கேயே அழுதேன்.

கடிதங்கள் நேற்றுப் போய்விட்டன. ஆற்றைப்பற்றி எழுதிய பிழையைத் திருத்தி அனுப்ப ஒரு முகவரி இருந்தது. உன்னைப்பற்றி நினைத்ததைத் திருத்தி எங்கே அனுப்புவேன்? அதை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.