கடல் குதிரை தொங்கும் வலை

அன்பு மகன் பிராங்கிளினுக்கு நைனா தாமஸ் எழுதிக்கொள்வது. ராயப்பர் துணையால் நானும் அம்மாவும் தங்கச்சி மெர்லினும் இங்கே நலம், அந்தமானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுகிறாய், அதனால்தான் கடிதம். என் கையெழுத்து உனக்குத் தெரியும், ஆகவே நான் சொல்லச் சொல்ல மெர்லின் எழுதுகிறாள். அவளைப் பற்றிய புகாரை அவளையே எழுத வைப்பதால் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். இதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் பழைய தண்ணீர்க் கேமராவையும் முக்குளிக்கிற முகக் கண்ணாடியையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாய். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆள் வந்தால் உள்ளறைக்கு ஓடுகிற பெண், கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவில் மூச்சடக்கி இறங்கி, ஓடில்லாத நத்தை, நகத்தளவு இறால் என்று படம் எடுத்து வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். "மீனுக்குப் போட்டோ புடிச்சி இன்னாடி, ஆதார் கார்டு குடுக்கப் போறியா" என்று அம்மா கேட்டதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள், எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. ஆனால் இப்போது அவள் போவது வளைவின் முனைக்கு. எந்தப் படகிலிருந்தோ அறுந்து வந்த தங்கூசி நரம்பு வலை அங்கே கல்லில் மாட்டிக் கிடக்கிறது, தண்ணீருக்குள் அந்த நரம்பு கண்ணுக்கே தெரியாது. அதில்தான் கடல் குதிரைகள் வாலைச் சுற்றித் தொங்குகின்றன. வயிறு புடைத்த ஆண் குதிரை குட்டி போடும்போது ஒரு படம் எடு, போட்டிக்கு அனுப்பலாம் என்று நீ சொன்னாய். அன்றிலிருந்து அவளைப் பிடிக்க முடியவில்லை. படங்களில் நீ குதிரையைப் பார்க்கிறாய், ஆயுசெல்லாம் வலை தைத்த எனக்கு அதன் பின்னால் இருக்கும் வலைதான் தெரிகிறது. முதல் படத்தில் ஒரு ஆமை மாட்டிக் கிடந்தது, அடுத்ததில் அதன் ஓடு மட்டும். கடைசிப் படத்தில் மேலே வெயில் தெரிகிற பக்கமும் வலைக்கண் தெரிகிறது மகனே. அப்படியென்றால் வலைக்கு அடியிலிருந்து எடுத்திருக்கிறாள். கேட்டால், "நான் மேலதான் நைனா இருந்தேன்" என்கிறாள். பொய் சொல்லவில்லை, அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு டில்லிபாபு, "காத்து மாறிட்டா அங்க எவனும் நிக்க முடியாது மாமு" என்கிறான். நாளைக் காலையில் அவன் படகில் போய் அந்த வலையை அறுத்து எடுத்துவிடப் போகிறோம்.

இதற்கு மேல் நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். அந்தக் கடைசி வரியை எழுதியதும் மெர்லின் பேனாவை மூடிவிட்டுப் போய்ப் படுத்தாள். விடிந்து பார்த்தால் ஆணியில் மாட்டியிருந்த முகக் கண்ணாடி இல்லை, அவளும் இல்லை. நாங்கள் படகில் வளைவின் முனைக்குப் போனபோது ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே கல்லைப் பற்றியிருந்தது. மற்றக் கையில் வலை இறுகிக் கிடந்தது. டில்லிபாபு குதித்து அறுத்தான். "மூச்சு கீது மாமு, மூச்சு கீது" என்று அவன் கத்தினது இன்னும் காதில் இருக்கிறது. வலது கையில் தையல் போட்டிருக்கிறார்கள், இரண்டு விரல் மடங்கவில்லை. மேலே நலம் என்று இருப்பதை நான் அடிக்கவில்லை, அது அந்தக் கையால் எழுதியது.

வலையை இழுத்துப் போட்டாயிற்று. யாரோடும் பேசாதவள் நேற்று அம்மாவிடம் மட்டும், "அடுத்த வளைவுலயும் ஒரு வலை கீதும்மா" என்றாளாம். கேமராவை என் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன், உள்ளே என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். மெர்லின் இடது கையில் போனை வைத்துக்கொண்டு உனக்காகக் காத்திருக்கிறாள். கூப்பிடு. படம் கிடைத்ததா என்று கேட்காதே, விரல் மடங்குகிறதா என்று மட்டும் கேள். அதற்கு அவள் படத்தைப் பற்றிப் பதில் சொன்னால் உடனே புறப்பட்டு வா.

உன் நைனா,
தாமஸ்
திருவொற்றியூர்