சைகோன் காபி மெஷின்

1961, ஜனவரி 18, புதன்

பனி. ஏழரை மணி வரை எதிர்வீட்டு வேலி தெரியவில்லை. மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இருமல். சாக்பீஸ் தீர்ந்தது. கேட்டால் ஹெட்மாஸ்டர் கையை விரிக்கிறார்.

திருச்சிப் பயிற்சி முடிந்து வந்து நான்கு நாள். நாக்கில் இன்னும் அந்தக் காபி. கூடப் பயின்ற டீச்சர் வீட்டில் கொடுத்தது. அடுப்பில் ஏற்றும் சின்ன மெஷின். ஆவியே வெந்நீரைத் தள்ளிப் பொடி வழியாக இறக்கிவிடுகிறது. டிகாக்‌ஷன் இறங்க அரை மணி காத்துக் கிடக்க வேண்டாம். மேலே செம்பட்டையாக ஒரு நுரை. இத்தனை வருடம் நான் குடித்ததெல்லாம் என்ன என்று கோபமே வந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். தைக்கிற துணியிலிருந்து தலை தூக்காமல், "வீட்டுல ஏற்கெனவே ஒரு மிசினு ஓடுது. போதாதாக்கும்?" என்றார். தையல்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் பதில்.

வாங்கத்தான் போகிறேன். என் சம்பளம்.

ஜன. 21, சனி

புதுக்கோட்டையில் விசாரிப்பு. இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும் போல. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மறக்காமலிருக்க:

1. அலுமினியம். கீழே தண்ணீர், நடுவில் பொடி, மேலே காபி. புதிது. கடைக்காரர் திருகிக் காட்டும்போதே மரை வழுக்கியது. ரப்பர் வளையம் போனால் வேறு கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

2. கைப்பிடியை இழுத்து அழுத்தும் பெரியது. படத்தில் மட்டும் பார்த்தது. சீமையிலிருந்து வர வேண்டும், பர்மிட் வேண்டும். ஓட்டல்காரர்கள் பாடு.

3. பித்தளை. இவரிடம் சட்டை தைக்கக் கொடுக்கும் சைகோன்காரர் வீட்டில் சும்மா கிடக்கிறதாம். அங்கே கடை வைத்திருந்து திரும்பி வந்தவர். நாளை மாதா கோயில் பூசைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும்.

சிவப்பு மசி வாங்க மறந்துவிட்டேன்.

ஜன. 22, ஞாயிறு

சைகோன்காரருக்கு அறுபது இருக்கும். பெரிய வீடு, ஒற்றை ஆள். மெஷினை அலமாரியின் அடித்தட்டிலிருந்து துணியோடு எடுத்து வந்தார். உருண்டை வயிறு, வளைந்த மூக்கு, மூக்கின் நுனியில் பொடி வைக்கும் கிண்ணம், மேலே மரக்குமிழ் வைத்த திருகு மூடி. தோள்பட்டையில் பட்டாணி அளவு ஒரு குமிழ், அதில் குண்டூசி ஓட்டை. பார்த்ததும் பிடித்துவிட்டது.

"எப்படிங்க போடுறது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா. எங்க வீட்டுக்காரி இருந்த வரைக்கும் அவதான் போடுவா. நான் குடிச்சதோட சரி. பக்கத்துல யாரையும் நிக்க விட மாட்டா. அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு."

கூட நான்காக மடித்த ஒரு காகிதம். பிரெஞ்சு. அந்த அம்மாவுக்கு மட்டும் வாசிக்கத் தெரியுமாம்.

இவர் என் முழங்கையை இடித்தார். வேண்டாம் என்பதற்கு. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அலுமினியத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பித்தளையைத் தெரியும். புளி போட்டுத் தேய்க்கத் தெரியும். களிம்பு வந்தால் ஈயம் பூசத் தெரியும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவள் பழகிய உலோகத்தில் தொடங்குவதுதான் புத்தி. வாங்கியாயிற்று.

ஜன. 24, செவ்வாய்

முதல் காபி. வெந்நீர் கொதித்ததும் தோள்பட்டை ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று ஆவி. நான் அலறிப் பின்னால் போய் அரிசிப் பானையில் இடித்துக்கொண்டேன். இவர் வாசற்படியில் நின்று சிரித்தார். உள்ளே வரவில்லை.

காபி ருசி. திருச்சி அளவுக்கு இல்லை. பாதி ஆவி ஓட்டை வழியாகவே போய்விடுகிறது, அதுதான் காரணம்.

பிரெஞ்சுக் காகிதத்தைத் திருச்சிக் கன்னியர் மடத்துக்குத் தபாலில் அனுப்பினேன். எனக்குப் படிப்புச் சொன்ன வயதான சிஸ்டர் அங்கே இருக்கிறார்கள், பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

ஜன. 29, ஞாயிறு

வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. கோழி இரண்டு நாளாக முட்டையிடவில்லை.

மெஷின் உள்ளே பச்சைக் களிம்பு.  நல்ல வேளையாக ஈயம் பூசுகிறவர் தெருவில் வந்தார். குடம், இரண்டு குண்டான், மெஷின், எல்லாவற்றையும் போட்டேன். வேப்ப மரத்தடியில் துருத்தி, நவச்சாரப் புகை, தெருவெல்லாம் இருமல்.

"டீச்சர், தோள்பட்டையில ஒரு பொத்தல் இருந்துச்சுங்க. உள்ளுக்கிருந்து ஈயத்த விட்டு அடைச்சுட்டேன். இனிமே பொட்டு ஆவி வெளியேறாது. அதுக்குத் தனியா ஒண்ணும் குடுக்க வேணாம்."

கேட்காமலேயே செய்கிற வேலைக்காரர் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்? உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பிப். 2, வியாழன்

பிரமாதம்! புஸ் சத்தமே இல்லை. காபி கெட்டியாக, கறுப்பாக, வேகமாக இறங்குகிறது. திருச்சிக் காபி இதன் காலில் விழ வேண்டும்.

மூடிதான் லேசாக ஆடுகிறது. இன்னும் இறுக்கித் திருக வேண்டும்.

இவர் இரண்டு டம்ளர் குடித்தார். குடித்துவிட்டு, "முன்னாடி பெருமூச்சாவது விட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப மூச்ச அடக்கிக்கிட்டுல்ல உக்காந்திருக்கு" என்றார். எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்காவிட்டால் தூக்கம் வராது இவருக்கு.

பிப். 6, திங்கள்

தங்கை விக்டோரியா கறம்பக்குடிப் பக்கத்திலிருந்து வந்தாள். அவள் மகள் ரெஜினாவுக்கு வரும் ஞாயிறு புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிறாள். அதற்கு அடுத்த புதனில் தவக்காலம் தொடங்கினால் விருந்து கூடாது, அதற்குள் முடிக்க வேண்டும். ரெஜினாவும் கூட வந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குட்டிதான் எல்லாம். வெள்ளைக் கவுனை இவர் பதினைந்து நாளாகத் தைக்கிறார், பிரித்துப் பிரித்து.

காபி போட்டேன். ரெஜினா அடுப்புக்கு எதிரே குத்தவைத்து, முட்டியில் மோவாயை வைத்துக்கொண்டு, மூக்கிலிருந்து சொட்டுவதையே பார்த்தாள். "பெரியம்மா, இது அழுவுது" என்றாள்.

வி. பிடித்துக்கொண்டாள்: "அக்கா, ஞாயித்துக்கெழம இத எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. அவுக சொந்தக்காரங்க முன்னாடி கொஞ்சம் பெருமையா இருக்கும்."

அவர்கள் வீட்டுப் பொடி சிக்கரி போட்டு மாவாக அரைத்தது. பரவாயில்லை, கிண்ணத்தில் நன்றாக அழுத்தி வைத்தால் சத்து முழுவதும் இறங்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். இவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப். 9, வியாழன்

மூடியைத் திறக்க முடியவில்லை. இவர் துணி சுற்றி இழுத்தும் அசையவில்லை. ஆறவிட்டு, அம்மிக் குழவியால் தட்டியதும் டப்பென்று விட்டது. மரக்குமிழில் ஒரு விரிசல். நேற்று இருந்ததா?

சனிக்கிழமை எனக்கு அரை நாள் பள்ளி, பிறகு இரவு வரை பரீட்சைத் தாள் திருத்த வேண்டும். இவர் காலையிலேயே மெஷினோடு கறம்பக்குடி போகிறார். நான் ஞாயிறு விடியற்காலை முதல் பஸ்ஸில். பூசைக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது. விருந்துக்குப் போய்விடுவேன்.

பிப். 11, சனி

காலை: இவர் கிளம்பினார். கவுன் ஒரு பையில், மெஷின் ஒரு பையில். "காபி போடுற மாப்பிள்ளையாப் போறேன் டீச்சரே" என்று கும்பிடு வேறு.

மதியம்: திருச்சியிலிருந்து கவர். சிஸ்டருக்குக் கண்ணில் கோளாறாம், அதனால் தாமதம். தமிழில் எழுதியிருக்கிறார்கள். அப்படியே ஒட்டி வைக்கிறேன்:

"தோளில் உள்ள சிறு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அடுப்பில் ஏற்றுமுன் ஒவ்வொரு தடவையும் ஊசி விட்டுப் பார்க்கவும். அது அடைபட்டால் கலம் வெடிக்கும். பொடி பருபருப்பாக இருக்க வேண்டும். மெல்லிய பொடி கூடாது. அழுத்தக் கூடாது."

மூன்று தடவை வாசித்தேன்.  இத்தனை நாள் பருபரு பொடி போட்டதால் நாங்கள் பிழைத்தோம். அங்கே மாவுப் பொடி. அழுத்தச் சொன்னது நான். ஓட்டையை அடைத்ததும் நான் கொடுத்த வேலையில்தான். ரெஜினா எதிரே குத்தவைப்பாள்.

மாலை, புதுக்கோட்டை: மூன்று மணி பஸ்ஸில் வந்தேன். கறம்பக்குடிக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. முதலில் தந்தி அடித்துவிடலாம் என்று தபாலாபீஸ் போனது முட்டாள்தனம். எனக்கு முன்னால் ஏழு பேர். இங்கிலீஷில்தான் போகுமாம். "மெஷினைப் பற்றவைக்காதே" என்பதை எழுதிக் கொடுத்தேன். இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. வி.யின் வீட்டுக்காரர் எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

கிளார்க் முகம் பார்க்காமல், "யாரும்மா தவறிட்டாங்க?" என்றார்.

"இன்னும் யாருமில்லீங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கறம்பக்குடிக்கு இன்றே போய்ச் சேரும், ஆனால் கிராமத்துக்குக் காலையில்தான் ஆள் போவான் என்றார்.

ஸ்டாண்டுக்கு ஓடினேன். பஸ் போய்விட்டது. நாளை முகூர்த்த நாள், ஒரு டாக்சி இல்லை. இரவுக்குப் பள்ளிச் சிநேகிதி வீடு. அவள் காபி நீட்டினாள், வாங்கவில்லை.

பிப். 12, ஞாயிறு, பஸ்ஸில்

5.40 பஸ், ஆறுக்குத்தான் எடுத்தான். எழுத்து ஆடுகிறது. எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

கணக்கு: பூசை ஆறுக்கு. ஏழுக்கு முடியும். நற்கருணை வரை யாருக்கும் காபி கிடையாது. வீடு திரும்ப ஏழே கால். விறகடுப்பு, ஏழரை. எனக்குக் கறம்பக்குடி ஏழே கால், அங்கிருந்து இரண்டு மைல் நடை. பத்தவில்லை. எப்படிப் போட்டாலும் பத்தவில்லை.

சாமியார் பிரசங்கத்தை நீட்ட வேண்டும். மாதாவே, விறகு ஈரமாக இருக்கட்டும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டை ஏற்றுகிறார்கள். கண்டக்டரிடம் சீக்கிரம் போகச் சொன்னேன். "எல்லாருக்கும் அவசரந்தாம்மா" என்றார். ஓட்டையை அடைக்கட்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. அடைத்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நான்.

அதே நாள், மதியம், வி. வீட்டில்

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பாதி ஓட்டம், பாதி நடை. செருப்பு வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். கண்மாய்க் கரை ஏறும்போது ஒரு சத்தம். வேட்டு என்று மனசைத் தேற்றினேன். புதுநன்மைக்கு வேட்டுப் போடுவார்கள், மூன்று போடுவார்கள். நின்று எண்ணினேன். ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஊர் தொடக்கத்திலேயே அழுகைச் சத்தம். பெண்கள் மாரடித்து அழுகிற அழுகை.  வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகாமல் இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

வாசலில் கூட்டம். என்னை முதலில் பார்த்த கிழவர் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அழுகை நின்றது. யாரோ ஒரு பெண் வீலென்று கத்தினாள்.

முற்றத்து மண்ணில் இவர். சட்டையெல்லாம் புழுதி. கையில் தந்திக் கவர், கசங்கி, பிரிக்காமல். வி. அவர் பக்கத்தில் தலைவிரிகோலமாக.

எனக்குப் பிறகுதான் புரிந்தது. தந்திக்காரர் சைக்கிளில் வந்து, "புதுக்கோட்டையிலேருந்து தந்தி" என்றிருக்கிறார். அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஆள் நான் ஒருத்தி. தந்தி என்றால் சாவு. யாரும் பிரிக்கவில்லை, வாசிக்கவில்லை. வி. "அக்கா போயிட்டாளே" என்று விழுந்திருக்கிறாள். இவர் அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து கவரைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்தான். வீடே முற்றத்துக்கு வந்துவிட்டது. எரிகிற அடுப்பை யார் நினைப்பார்கள்? வெடித்த சத்தத்துக்கும் இவர் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. நான் உட்கார்ந்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தார், அத்தனை பேர் எதிரில். இருபது வருடமாகத் தெருவில் என் கூடச் சேர்ந்து நடக்கக் கூச்சப்படுகிறவர்.

"நீ சொன்ன மாதிரியே நல்லா அழுத்தித்தான் வச்சேன்" என்றார்.

 சொல்ல வேண்டும். ஈயக்காரர், ஓட்டை, சிஸ்டர் கடிதம், எல்லாம். இன்னும் சொல்லவில்லை.

அடுப்பங்கரை: ஓடு பதினான்கு போய்விட்டது. பால் சட்டி, காபி டம்ளர்கள் எல்லாம் நசுங்கல். மெஷின் வயிறு கிழிந்து விரிந்து கிடக்கிறது. மூடி எதிரே மண்சுவரில் பாதி புதைந்து. தரையிலிருந்து இரண்டரை முழம். கையால் அளந்தேன்.

அளந்துகொண்டிருந்தபோது ரெஜினா வந்து என் சேலையைப் பிடித்தாள். வெள்ளைக் கவுன், முக்காட்டில் ஒரு கறை இல்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. சுவரில் அவள் நெற்றி உயரத்தில் இருந்த மூடியை ஒட்டிப் போய் முதுகைச் சாய்த்து நின்று காட்டினாள்.

"பெரியம்மா, நான் இங்கிட்டுதான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு சொன்னாங்கல்ல, அதான் அழுவ ஓடிட்டேன்."