அப்பாவின் போன் வீட்டில் இருக்கும்வரை

என் வாலுப் பெண்ணுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எனக்கு முதலில் வேண்டும். நான் இருக்கிறேன். உன் அத்தையும் இந்த நிமிஷம்வரை இருக்கிறாள், அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன், பயப்படாமல் முழுக்கப் படி. போனில் பேசலாம்தான், ஆனால் உன் குரல் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, சொல்ல வந்தது நின்றுபோகிறது, அத்தை வேறு கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறாள். அதனால் எழுதிவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா இதைப் படம் எடுத்து உனக்கு இன்றைக்கே அனுப்புகிறேன் என்றிருக்கிறாள்.

அப்பா போய் நாலு மாசம் ஆகிறது. அத்தை இங்கே வந்து மூன்று மாசம். அவளுக்கு நுரையீரல் சரியில்லை, மூக்கில் குழாய் வைத்து மூச்சு கொடுக்கிற மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது உனக்குத் தெரியும். முன் அறையில்தான் கட்டில் போட்டிருக்கிறேன், அப்பா இஸ்திரி போடும் இடத்தில். போன திங்கட்கிழமை மதியம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே டங் டங் என்று சத்தம். யாரோ பாத்திரம் தட்டுகிறார்கள் என்று நினைத்தேனே தவிர ஓடிவரத் தோன்றவில்லை, பாவி நான். இறங்கி வந்து பார்த்தால் மெஷின் நின்றுபோய் கத்திக்கொண்டிருக்கிறது, அத்தை டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள், உதடு நீலம். கரண்ட் போயிருக்கும் என்று பார்த்தால் அடுப்படியில் ஃபிரிட்ஜ் ஓடுகிறது. சுவரில் நீ மாட்டிக் கொடுத்த பெட்டியின் பொத்தானை அமுக்கினேன், உயிர் வந்தது. அரைமணி கழித்து மறுபடி அணைந்தது. அன்றைக்கு எட்டுத் தடவை, கண்ணே. எட்டுத் தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன், அதனால் ஆயிற்று.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, கம்பியில ஒரு குறையும் இல்லைம்மா, யாரோ சொல்லித்தான் அணையுது என்றார். அவர் கண்ணை என் கண் பார்க்கவில்லை, அப்பா படத்தைத்தான் பார்த்தது. பெட்டியை எடுத்துடுங்களேன் என்றேன், அதை எடுக்கணும்னா லைனையே பிரிக்கணும், ஒரு நாள் முழுக்க வீட்டுல கரண்ட் இருக்காது, இந்தம்மாவை எங்க வைப்பீங்க என்று கேட்டார். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கில் மெஷினை மாட்டி, அத்தையை அடுப்படியில் நாற்காலியில் உட்கார வைத்தேன். அங்கே கட்டில் போகாது, ஒயர் இழுத்து முன் அறைக்குக் கொண்டுவருவது இந்த மெஷினுக்கு ஆகாதாம். இரண்டு நாள் உட்கார்ந்தே இருந்தாள். உட்கார்ந்துகொண்டு என் சமையலுக்கெல்லாம் குறை. உப்பு போட்டியா போட்டியான்னு கேக்கறேன், வாயத் தொறக்கமாட்டேங்கிறியே, எனக்குத்தானே மூச்சு இல்லை, உனக்கென்ன என்கிறாள். சிரித்தோம். ஆனால் கால் இரண்டும் வீங்கிவிட்டது அவளுக்கு.

புதன்கிழமை டாக்டர் நம்பருக்காக அப்பா போனை எடுத்து ஆன் செய்தேன். அன்றைக்கு முழுக்க முன் அறை விளக்கு அணையவே இல்லை. சாயங்காலம் அதில் சார்ஜ் தீர்ந்தது, அரைமணியில் விளக்கும் போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் போய் மேஜையை எரித்தாரே, அந்தத் தடவை வந்தபோதுதானே நீ இந்தப் பெட்டியைப் போட்டுக் கொடுத்தாய். அரைமணிக்கு ஒருமுறை வீடு பார்க்கும், அப்பா போன் வீட்டில் இல்லையென்றால் ஆளில்லை என்று ஃபிரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்துவிடும் என்றாய். தெருமுனைவரை போய்ப் போய் நின்று விளக்கு அணைகிறதா என்று பார்ப்பாரே, வருகிறவர்களிடம் எல்லாம் என் மக போட்டது என்பாரே. என்னிடம் இருப்பது பட்டன் போன், அதனால் அவர் போனை மட்டும் வைத்தாய். எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதானே போவோம், அப்போது அது சரிதான். உன்மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது. அவர் போனை நான்தான் அந்தத் திங்கட்கிழமை மாடிக்குப் போகுமுன் அணைத்தேன். யாராவது கூப்பிட்டு சார் இருக்காரா என்று கேட்கிறார்கள், இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு செத்துப்போயிற்று. ஒருவரும் கேட்க வேண்டாம் என்று அணைத்து பீரோவில் வைத்தேன். வீடு நம்பிவிட்டது.

அத்தையிடம் சொன்னேன். சின்ன வயசுல என் பல்பத்தைப் புடுங்கிட்டு ஓடுவான், இப்ப மூச்சைப் புடுங்கறான் படுவா என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது கட்டிலுக்கு வந்துவிட்டாள், போனைச் சார்ஜிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் அதன் முதுகு உப்பிக்கொண்டு வருகிறது, தொட்டால் சுடுகிறது. போன் கடைக்காரர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, இந்த பேட்டரி இப்ப கிடைக்காது, சார்ஜ்ல வைக்காதீங்க, வெடிச்சாலும் வெடிக்கும் என்கிறார். வைத்தால் அது பயம், எடுத்தால் இது பயம். குளிக்கப் போனால் கதவைத் திறந்துவைத்துக் குளிக்கிறேன். கண் அசந்தால் அந்த டங் டங் சத்தம் காதில் கேட்கிறது. அவரை விட்டுவிட்டேன், அவர் அக்காவையும் விட்டுவிட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வேன்.

நீ அங்கிருந்தே மாற்றலாமாம், தையல்காரம்மா சொன்னாள். இதைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டில் உட்கார்ந்திருந்தாலும் கையைக் கழுவிவிட்டு அதைச் செய். இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, இரண்டு பேர் இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும்படி செய். அத்தை அறையை யாரும் அணைக்க முடியாதபடி செய். உன் வீட்டிலும் இப்படி எதையாவது போட்டுவைத்திருந்தால் மாப்பிள்ளையும் நீயும் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், போட்டதோடு மறந்துவிடாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடு, முடியை ஈரத்தோடு கட்டாதே. உனக்கும் உன்னைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது, நீடூழி இருங்கள்.

மாற்றி முடித்ததும் கீழ்வீட்டுக்குத் தகவல் சொல். அதற்குப் பிறகு அப்பா போனை நானே அணைக்கிறேன். இந்தத் தடவை அவரிடம் சொல்லிவிட்டு அணைக்கிறேன்.

கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா