எட்டு விரிப்பும் ஒரு பொய்யும்

என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லாருக்கும் உடம்பு சௌகரியம், எனக்கு மனசுதான் ஒரு நிலையில் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் போனில் நான் ஒன்று கேட்க வந்து வேறொன்றைக் கேட்டு வைத்துவிடுகிறேன், அதனால்தான் கடிதம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. நான் வீட்டில் இல்லாததால் சமையலைக் கையில் எடுத்திருக்கிறார், குக்கருக்குத் தண்ணீர் ஊற்ற மறந்து ஒரு தடவை அடி கருகியாகிவிட்டது. உன் தம்பி இளைத்துப் போயிருக்கிறானாம், பரீட்சையாலா அப்பா சமையலாலா என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் மூடியிருக்கிற நேரத்தில் பள்ளி நூலகத்தில் நான் சும்மா உட்கார்ந்து என்ன செய்ய என்று இந்த ஏரிக்கரைக் கோடை முகாமுக்கு வேலைக்கு வந்தேன் இல்லையா, எட்டுச் சின்னப் பெண்கள் தங்குகிற அறைக்கு நான்தான் பொறுப்பு. வந்த புதிதில் மேனேஜர் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். இங்கே வருகிற பிள்ளைகள் நம் விருந்தாளிகள், முகம் சுளிக்கக் கூடாது, பிள்ளை உயரத்துக்குக் குனிந்துதான் பேச வேண்டும், ஒரு பிள்ளையின் விஷயத்தை இன்னொருவரிடம் பேசக் கூடாது, பெற்றவர்கள் கேட்டால் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்றார். நீ ஓட்டல் வரவேற்பில் தினமும் செய்கிற வேலைதானே, என் மகளுக்கு வருவது எனக்கு வராதா என்று மிதப்பாகத்தான் இருந்தேன்.

என் அறையில் ஒரு குட்டிப் பெண், எல்லாரிலும் சின்னவள். காலையில் மற்றவர்கள் எழுந்து ஓடினாலும் இவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்க மாட்டாள், அதனால் மற்றப் பிள்ளைகள் பொட்டலம் என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். படுக்கை நனைந்திருக்கிறது, அதுதான் விஷயம். யாரிடமும் சொல்லாதீங்க, அம்மாகிட்டயும் சொல்லாதீங்க என்று என் விரலைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டபோது சரி என்றுவிட்டேன். தினமும் ஒரே ஒரு விரிப்பு மட்டும் கொடியில் தொங்கினால் பிள்ளைகள் கேட்பார்களே என்று சலவை பார்க்கிற அக்காவிடம் யோசனை கேட்டேன். அவள் யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை, எட்டையும் தினமும் துவைத்துப் போட்டுவிட்டாள். இடுப்பு ஒடிகிற வேலை, ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, இதைவிட மரியாதையாக ஒரு விருந்தாளியை யார் பார்த்துக்கொள்ள முடியும் என்று நினைத்தேன்.

பெற்றவர்கள் வந்து பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை பொட்டலத்தின் அம்மா வந்தாள். வக்கீலாம், கேள்வியும் அப்படித்தான் வந்தது. வந்து உட்காரவில்லை, “பாப்பா ராத்திரி படுக்கையை நனைக்கிறாளா?” என்று கேட்டாள். பிள்ளை பக்கத்திலேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சிரித்த முகத்தோடு, “பாப்பா ரொம்ப நல்லா இருக்காங்கம்மா, ஒரு தொந்தரவும் இல்ல” என்றேன். அந்தம்மா மகளை அப்படியே வாரிக் கட்டிக்கொண்டாள், கண்ணே கலங்கிவிட்டது. மாத்திரை வேலை செய்யுது பாரு, இப்பவே டாக்டருக்குச் சொல்லிடறேன், இனிமே நிறுத்திடலாம் என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். மாத்திரை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அதைத் தினமும் கொடுத்துக்கொண்டிருந்தது முகாம் நர்ஸ் என்று பிறகுதான் தெரிந்தது. பிள்ளையின் அந்தரங்கம் என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, அதே காரணத்துக்காக நான் அவளிடம் சொல்லவில்லை, எட்டு விரிப்பும் கொடியில் ஆடினால் அவளுக்கு மட்டும் என்ன தெரியும், புகார் ஏதும் வரவில்லை, பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று இருந்திருக்கிறாள். ஆளாளுக்கு ஒழுங்காக வேலை பார்த்து இப்படிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டோம்.

வாக்குக் கொடுத்த பிள்ளை ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். வண்டி நிறுத்துகிற இடத்துக்கு ஓடினேன், அந்தம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்” என்றாள், அவ்வளவுதான். மேனேஜரிடம் என் மேல் புகார் கொடுத்தாள், அவர் வந்து மன்னிப்புக் கேட்டார், என்னையும் கேட்கச் சொன்னார், கேட்டேன். பிறகு அந்தம்மா, மற்றப் பிள்ளைகள் யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்று விரிப்பு விஷயத்தைச் சொன்னேன். கொடிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து எனக்கு நன்றியும் சொல்லவில்லை, என் மேல் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கவும் இல்லை, ஆனால் மகளை இந்த அறையிலேயே விட்டுவிட்டுப் போனாள். இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? மேனேஜருக்கும் என்னைத் திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை போல, இனிமேல் எதுவானாலும் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

மறுநாள் காலை பொட்டலம் தானாகவே எழுந்து, நனைந்த விரிப்பைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்க முற்றத்தைத் தாண்டிச் சலவை இடத்துக்குப் போனாள். யாரும் சிரிக்கவில்லை. என் பக்கம் அவள் திரும்பியே பார்க்கவில்லை. அது தைரியமா, என் மேல் இருக்கிற கோபமா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சலவை அக்கா இனிமேல் ஒன்றா எட்டா என்று கேட்டாள். எட்டே இருக்கட்டும் என்றேன்.

நீ இந்த வேலையில் பழுத்தவள், நீயே சொல். விருந்தாளி யார், படுத்துத் தூங்குகிற பிள்ளையா, பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாயா? யோசிக்க யோசிக்க வேறொன்றும் தோன்றுகிறது. அந்தம்மாவிடம் நான் பேசின குரல் எனக்குப் பழக்கப்பட்ட குரலாக இருந்தது. “எப்படி இருக்கே?” என்று நான் போனில் கேட்டதும் நீ ஒரு மூச்சுகூட விடாமல், ரொம்ப நல்லா இருக்கேன்மா, ஒரு தொந்தரவும் இல்ல என்கிறாயே, அந்தக் குரல்தான் அது. நானும் அந்தம்மா மாதிரியே சந்தோஷப்பட்டுக்கொண்டு போனை வைத்துவிடுகிறேன். இதை உன்னிடம் கேட்கலாமா, கேட்பது மரியாதைதானா என்றுகூட எனக்குத் தெரியவில்லை, கேட்டுவிட்டேன். பதில் எழுத முடியாவிட்டால் பரவாயில்லை, சும்மா போன் பண்ணு, பேசாமல் இருந்தாலும் நான் வைக்க மாட்டேன்.

நின்றே வேலை பார்க்கிறவள், இரவில் கால்களை வெந்நீரில் வைக்க மறக்காதே. எங்கே இருந்தாலும் நீ நிறைவாக, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

எப்போதும் உன் நினைவாக,
உன் அம்மா