படம் வரைந்த பனியன்

இன்று காலை உன் அண்ணி அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பனியனை உருவி எடுத்தாள். அடுப்படிக்குக் கரித்துணி வேண்டுமாம். கழுத்துப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் போன நேரத்தில் நான் பார்த்துவிட்டேன். "அத்த உடு" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பனியனைக் கீழே போட்டுவிட்டாள். விரித்துப் பார்த்தோம். அந்துருண்டை வாசனை அடித்தது. நீ வரைந்த இதயம் அப்படியே இருக்கிறது. சிவப்பு மட்டும் வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது. நீலம் போகவில்லை.

கட்டிலில் விரித்து வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'இடது ஆரிக்கிள்.' ஆமாம் தங்கச்சி, நான்தான் படித்தேன். யாரையும் கேட்கவில்லை. நடுவில் ஒரு புள்ளி அழிந்திருந்ததால் கொஞ்சம் தடுமாறினேன், அவ்வளவுதான். அடுத்தது 'வெண்ட்ரிக்கிள்.' அது பெரிய வார்த்தை. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் பிடித்தது. அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு எத்தனை சாயங்காலம் உன் முன்னால் நின்றிருப்பேன். என் மார்பில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்குத்தான் என் கண்ணாலேயே தெரிந்துகொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தை உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன். என் கை மெதுவாகத்தான் போகிறது. இதை முடிப்பதற்குள் மேலே எழுதிய 'இன்று காலை' பழையதாகிவிடும். பரவாயில்லை. உனக்குத் தெரிந்த கதைதான் எல்லாம். ஆனாலும் என் கையெழுத்தில் அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

நம் இருவரில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நீதான். நான் சின்ன வயதிலேயே பம்மல் தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டேன். நீ ஒன்பதாவது வரை படித்தாய். கல்யாணம் ஆனது. உன் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு பீர்க்கன்கரணையில் எங்களோடு வந்து இருந்தாய். நம் தெரு அங்கன்வாடியில் உதவியாளர் வேலை கிடைத்தது. கூட்டுவது, சமைப்பது, மூக்கைத் துடைத்துவிடுவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது எல்லாம் நீதான். ஆனால் பிள்ளைகள் உன்னை ஆயா என்றுதான் கூப்பிட்டன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் டீச்சர்.

அந்த டீச்சர் ஓய்வு பெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. பத்தாவது தேறியிருந்தால் அந்த இடத்துக்கு உன்னைப் போடலாம் என்றார்கள். தேறாவிட்டால் கடைசி வரைக்கும் ஆயாதான். அன்றைக்கு நீ சாப்பிடும்போதே சொல்லிவிட்டாய், தனித்தேர்வராகப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று.

"டீச்சர்னு கூப்ட்டா இன்னா, தலையில கொம்பா மொளைக்கப் போவுது?" என்றாள் உன் அண்ணி.

"கொம்பு வாணாம் அண்ணி. அந்தப் புள்ளைங்க வாயால ஒரு வாட்டி கேக்கணும்."

முதல் தடவை எழுதியதில் எல்லாப் பாடமும் தேறியது. அறிவியலில் மட்டும் கொஞ்சத்தில் போய்விட்டது. நீ அழுதுகொண்டிருப்பாய் என்று அண்ணி காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நீ அழவில்லை. தரையில் உயிரியல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கே விட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தாய். காணாமல் போன தோட்டைத் தேடுகிற மாதிரி.

"இதயத்த நல்லாத்தான் போட்டேன் அண்ணா. பேர் எழுதுறப்ப டவுட்டு வந்துச்சு, எது இடது எது வலதுன்னு. என் நெஞ்சுல கைய வெச்சிப் பாத்தேன். இடது பக்கம் துடிச்சுது. படத்துலயும் அந்தப் பக்கமே இடதுன்னு எழுதினேன். வெளிய வந்து புக்கப் பாத்தா எல்லாம் மாறிக் கீது."

எனக்குக் கோபம் வந்தது. "உன் நெஞ்சு உனக்குத் தெரியாதா? புக்கு அடிச்சவன் தப்பா போட்டுக்கீறான்" என்றேன்.

நீ சிரித்துவிட்டாய். தோற்றுப்போன அன்றைக்கே சிரிக்க உன்னால் முடிந்தது. எனக்கு அது வராது.

அடுத்த பரீட்சைக்கு நீ படித்த விதம் உன்னைப் போன்ற ஒருத்திக்குத்தான் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைத்துக் காயவைத்திருந்த என் வெள்ளைப் பனியனை எடுத்து, பலகை மேல் இழுத்து விரித்தாய். அங்கன்வாடியில் படம் எழுதுகிற அழியாத பேனா, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து முன்பக்கத்தில் இதயத்தையும் நுரையீரலையும் வரைந்தாய். பிறகு பனியனைத் திருப்பிப் போட்டு முதுகில் சிறுநீரகம் வரைந்தாய். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் கை வைப்பேனே, அந்த இடத்தில். அதற்கும் புத்தகத்தில் இருந்தபடியே பேர் எழுதினாய்.

"போட்டுக்கோண்ணா. இனிமே நீதான் எனுக்கு புக்கு."

போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். அப்போது திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனி கேட்டில் வாரம் பூராவும் நிற்கிற வாட்ச்மேன் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமையும் நிற்க வைத்துவிட்டாயே என்று நினைத்துக்கொண்டேன். நீ முன்னால் வந்து பார்த்தாய். பின்னால் போய்ப் பார்த்தாய். திரும்ப முன்னால் வந்தாய்.

"அண்ணா, உன் இடது கைய தூக்கு."

தூக்கினேன். நீ மறுபடி பின்னால் போனாய்.

"இன்னா இது, கோயில் சுத்துற மாரி சுத்திகினு கீற?" என்று அண்ணி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

என் இடது கை இன்னும் மேலேயே இருந்தது. முன்பக்கம் இடது என்று எழுதியதெல்லாம் அந்தக் கைப் பக்கமே இருந்ததாம். முதுகில் இடது என்று எழுதியது மட்டும் வலது கைப் பக்கம் போயிருந்ததாம். இரண்டையும் ஒரே மாதிரி புத்தகத்தைப் பார்த்துத்தானே எழுதினாய். பிறகு என் முதுகுக்குப் பின்னால் நீ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"புக்குல கீறவரு நம்மள பாத்துகினு நிக்கிறாருண்ணா. முதுக காட்டல. எதிர்ல நிக்கிறாரு. அவரு இடது நம்மளுக்கு வலது."

"கைய எறக்கலாமா?" என்றேன்.

"எறக்கிக்கோ."

நானே எதையோ கண்டுபிடித்த மாதிரி இருந்தது எனக்கு. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டியூஷனுக்குப் போகவில்லை. துணியில் தப்பாக எழுதி, அதைச் சுற்றி நடந்து நடந்து நீயே பிடித்தாய். முதுகில் எழுதியிருந்த இரண்டு பெயரையும் அங்கேயே அடித்து மாற்றி எழுதினாய். இன்று காலை பனியனைத் திருப்பியதும் அந்த அடித்த கோட்டைத்தான் முதலில் தேடினேன். இருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நமக்கு அதுதான் வேலை. எனக்குப் படிக்கத் தெரியாது, உன் பதில் சரியா தப்பா என்று சொல்ல முடியாது. அதற்கும் நீ ஒரு வழி வைத்தாய். நீ கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் போகிற வழியைச் சொல்வாய். நான் அந்த வழியிலேயே என் மார்பில் விரலை நகர்த்துவேன். வலது மேல் அறை, வலது கீழ் அறை, அங்கிருந்து நுரையீரல். "நுரையீரல் வந்துடுச்சி, மூச்ச இழு" என்பாய், இழுப்பேன். பிறகு இடது மேல் அறை, இடது கீழ் அறை, பெருந்தமனி, உடம்பு முழுக்க. நீ கண்ணைத் திறக்கும்போது என் விரல் பெருந்தமனியில் நின்றால் பாஸ். வேறெங்காவது நின்றால் மறுபடி முதலிலிருந்து. நாளாக நாளாக நீ தப்பாகச் சொன்னால் என் விரல் போக மறுத்து நின்றுவிடும். "ரோடு இல்ல, திரும்பு" என்பேன். உனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"அண்ணனும் தங்கச்சியும் நல்லா பஸ் வுடுறீங்க" என்பாள் அண்ணி. ஆனால் நீ படிக்கிற நேரத்தில் அவள் மிக்சி போட்டதில்லை. அந்தப் பனியனை மட்டும் தனியாக, அடிக்காமல், கசக்காமல் அலசிப் போடுவாள்.

டீக்கடை கதை ஞாபகம் இருக்கிறதா? ஒருநாள் விடிகாலையில் பால் வாங்கப் போனவன் மேலே சட்டை போட மறந்துவிட்டேன்.

"இன்னா பெருசு, உள்ள கீறதெல்லாம் வெளிய கீது?" என்றார் டீ மாஸ்டர்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "ஸ்கேன் எடுத்துகினு வந்துக்கீறாருபா. ரிப்போர்ட்ட பனியன்லயே குடுத்துட்டானுங்கோ."

என் தங்கச்சி பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள், அதற்குத்தான் இது என்றேன். ஆட்டோக்காரர் டீ கிளாசோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்று படித்தார். "இடதுன்னு வலது பக்கம் எழுதி வெச்சிக்குது. பெயிலாயிடும் பெருசு."

"நீ எனுக்கு எதிர்ல நிக்கிற. பின்னால வா" என்றேன்.

அவர் பின்னால் வந்து நின்று, என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, தன் இடது கையையும் தூக்கிப் பார்த்தார். "அட, கரெக்டு. உன் தங்கச்சிக்கு மண்டையில சரக்கு கீது" என்றார். கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "பரீட்சை அன்னிக்கி நான் இட்டுகினு போறேன். வேற வண்டி ஏறக்கூடாது, ஆமா." வீட்டுக்கு வந்து உன்னிடம் இதைச் சொல்லும்போது பால் வாங்க மறந்தது தெரிந்தது.

சொன்னபடியே அவர் வந்தார். தாம்பரத்தில் பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டார். உன்னோடு உள்ளே போனவர்கள் எல்லாம் உன் பிள்ளை வயதுக்காரர்கள். நீ தலையைக் குனியவில்லை, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாய். நான் எதிர்ப் பக்கம் மர நிழலில் நின்றேன். நிற்பது எனக்குப் பழக்கம்தானே.

வெளியே வரும்போதே உன் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"இதயம் வந்துச்சிண்ணா. பேர் எழுதுறப்ப கை தானா நெஞ்சுக்குப் போச்சி. எடுத்துட்டேன். கண்ண மூடிகினு உன்ன எதிர்ல நிக்க வெச்சேன்."

"பனியனோடவா?"

"பனியனோடதான். மூச்சகூட இழுத்த. ஹால்ல நின்னுகினு இருந்த மேடம், நான் தூங்கறேன்னு நெனச்சி தட்டி எழுப்பிட்டாங்க."

தேறிவிட்டாய். கொஞ்ச மாதத்தில் அந்த இடமும் உனக்கே வந்தது. முதல் நாள் சாயங்காலம் வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று சிரித்தாய். பிள்ளைகளுக்குக் குழப்பம். டீச்சர் என்று கூப்பிடச் சொன்னால் பழைய பழக்கம் விடவில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து 'ஆயா டீச்சர்' என்று வைத்துவிட்டார்களாம். "ரெண்டும் கெடச்சிடுச்சி அண்ணி" என்றாய். அடுத்த வருடம் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நீ வெறும் டீச்சர். ஆனால் அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. எப்போது எட்டிப் பார்த்தாலும் தரையில், பிள்ளைகளுக்கு நடுவில்தான் இருந்தாய்.

நீ போன அன்று நம் தெருச் சுவரெல்லாம் உன் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர். படத்துக்குக் கீழே ஒரு வரி. அது என்ன என்று டீ மாஸ்டரைக் கேட்டேன். "அங்கன்வாடி டீச்சர்னு போட்டுக்குது பெருசு" என்றார். மறுநாள் ஆட்டோக்காரரைக் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த நாள் முன்பின் தெரியாத ஒருவரைக்கூடக் கேட்டேன். நம்பிக்கை இல்லாமல் இல்லை. அந்த வார்த்தையை நானே பார்த்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. மழை வந்து போஸ்டர் கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் நம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதல் நாள் அங்கே சொல்லித்தருகிற பெண் என் சிலேட்டில் 'இ' எழுதி, இலை என்றது. எங்கேயோ பார்த்த முகம் மாதிரி இருந்தது அந்த எழுத்து. ஆனால் பிடிபடவில்லை. சிலேட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். உடனே தெரிந்துவிட்டது.

"இன்னா தாத்தா, ஏன் திருப்பிட்டீங்க?"

"இதயத்துக்கும் இதேதானம்மா? இடதுக்கும்?"

அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம். குனிந்து குனிந்து என் மார்பையே பார்த்தவன் நான், எழுத்தெல்லாம் எனக்குத் தலைகீழாகத்தானே பழக்கம். அதை நேராக்கிக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது. இப்போது பஸ் போர்டு படிக்கிறேன். மருந்துச் சீட்டு படிக்கிறேன். 'டீச்சர்' என்று எழுதி எழுதி ஒரு பக்கம் முழுக்க நிரப்பியிருக்கிறேன், ஒரு இடத்தில்கூடப் புள்ளியை விடாமல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பரீட்சை. சின்னப் பரீட்சைதான், ஆனாலும் பரீட்சை. சட்டைக்குள் இந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு போகப் போகிறேன் என்றேன்.

"பிட்டு எடுத்துகினு போறியா இந்த வயசுல?" என்றாள் உன் அண்ணி. ஆனால் அலசிக் கொடியில் போட்டுவிட்டாள்.

இது பிட்டுக்கு உதவாது. இன்றைக்குப் போட்டுப் பார்த்தேன். குனிந்தால் எழுத்து தலைகீழாகத் தெரிகிறது. கண்ணாடி முன்னால் நின்றால் எல்லாம் திரும்பிக்கொள்கிறது. போட்டிருக்கிறவனால் இதை ஒழுங்காகப் படிக்கவே முடியாது. எதிரில் நிற்கிறவருக்கு மட்டும்தான் எழுத்து நேராகத் தெரியும். அதனால்தான் போட்டுக்கொண்டு போகிறேன். ஏதாவது ஒரு எழுத்து மறந்துபோனால் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். நீ வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நில். மூச்சை இழு என்று சொல், இழுக்கிறேன்.