வட்டமாக வைத்த கையெழுத்து

போதகரே,

நேற்று டுசல்டோர்ஃபில் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தோடு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற வேதியியல்காரனுக்கு வேறென்ன வேலை? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஐந்து படிவங்களை நீட்டினாள். "ஒரு குடும்பம்தானே அண்ணை, எல்லாருக்கும் ஒண்டாப் போட ஏலாதோ?" என்று அந்த அம்மா கேட்டார். ஆளுக்கொரு விண்ணப்பம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தைதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் எவ்வளவு காலமாகிவிட்டது, இன்னும் ஒரு படிவத்தை என்னால் நிம்மதியாக நிரப்ப முடியவில்லை.

நாம் பழகியது அறுபதுகளின் கடைசியில், கோட்டிங்கன் பல்கலைக்கழக மாணவர் உணவகத்தில். நீங்கள் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையை விட்டுவிட்டு இறையியல் ஆய்வுக்கு வந்திருந்தீர்கள். நான் நாகப்பட்டினத்துக்காரன், சாமி பூதம் எதையும் நம்பாதவன். தட்டில் இருந்த உருளைக்கிழங்குக்கு நீங்கள் கண்ணை மூடி நன்றி சொன்னீர்கள். "இதுக்குமா தேங்க்ஸ்?" என்றேன். கண்ணைத் திறக்காமலே, "கிழங்குக்கில்லை, அதை மண்ணில கிண்டினவனுக்கு" என்றீர்கள். அன்றிலிருந்து உங்களோடு சண்டை போடாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

உங்கள் ஆய்வுப் பொருளைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! கனடாவின் கோதுமைச் சமவெளியில் மெதடிஸ்ட் போதகர்கள் எப்படிச் சோசலிஸ்டுகள் ஆனார்கள் என்பதுதான் அது. "இலங்கைக்காரர், ஜெர்மனியில உக்காந்து, கனடாவைப் பத்தி! அட்ரஸ் மாறி வந்துட்டீங்களா போதகரே?" என்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "சிரியும், சிரியும். அவையள் செய்ததை என்ர சனத்தோட நான் செய்யேலாதோ எண்டுதான் பாக்கிறன்" என்றீர்கள்.

பிறகு கதை கதையாகச் சொன்னீர்கள். வினிப்பெக்கில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வந்தேறிகளின் சேரியில் ஊழியம் செய்யப் போன போதகர்கள், பிள்ளைகள் ஞானஸ்நானம் வாங்கிய கையோடு காசநோயில் சாவதைப் பார்த்தார்களாம். ஆத்துமாவை மட்டும் இரட்சித்தால் போதாது, கூலியையும் வீட்டையும் இரட்சிக்க வேண்டும் என்று சொன்னார்களாம். சபை முகம் சுளித்ததும் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கி, கொட்டகைகளில் தொழிலாளர் சபை நடத்தினார்களாம். அங்கே விசுவாசப் பிரமாணம் கிடையாது. ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் எட்டு மணி நேர வேலை பற்றிய பேச்சு. பெரிய வேலைநிறுத்தம் வந்தபோது, ஏழைகளின் நியாயத்தைப் புரட்டுகிறவர்களைச் சபிக்கும் தீர்க்கதரிசி வசனங்களைத் தொழிலாளர் பத்திரிகையில் போட்டதற்காக ஒரு போதகர் மேல் அரச விரோத வழக்கே வந்ததாம். "வேதத்தை ஆரும் சரியா வாசிச்சா வழக்கு வரும் தம்பி" என்று நீங்கள் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷம்! விவசாயிகளும் தொழிலாளர்களும் சேர்ந்து பின்னால் ஒரு கட்சியே கட்டியதை, உங்கள் வீட்டுப் பிள்ளை பாஸாகிவிட்டதைப் போலச் சொல்வீர்கள். எனக்கு உள்ளுக்குள் பொறாமையாக இருக்கும். நம்ப ஒன்றும் இல்லாதவனுக்கு வரும் பொறாமை.

கனடாவிலிருந்து ஒரு கிழப் போதகர் உங்களுக்குப் பழைய துண்டுப் பிரசுரங்களைக் கப்பல் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றில்தான் அந்த வட்டக் கையெழுத்து வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் மனு எழுதும்போது பெயர்களைக் கீழே வரிசையாகப் போடாமல், மனுவைச் சுற்றி வட்டமாகப் போடுவார்களாம். முதல் பெயர் எது என்று தெரியாததால் முதலாளி யாரையும் தனியாகப் பிடிக்க முடியாது. தனித்தனியே எதற்கும் கையெழுத்திடுவதில்லை என்று தேவாலயத்தில் சத்தியமும் செய்வார்களாம். அதைப் படித்த அன்று நீங்கள் என் ஆய்வுக்கூடத்துக்கே ஓடி வந்துவிட்டீர்கள்.

அப்போது இலங்கையிலும் இந்தியாவிலும் ஆட்சியில் இருந்தவர்கள் உங்கள் தோட்டத்து மக்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத அவர்களில் சிலர் இலங்கையில் இருக்கலாம், மற்றவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். குறித்த நாளுக்குள் விண்ணப்பம் போட வேண்டும். உங்கள் தோட்டத்தில் அறுபத்தொரு குடும்பங்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று, ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தைப் பிளந்துவிடுவார்கள் என்று பயந்தீர்கள். "எல்லாரும் ஒண்டா நிண்டா ஒருத்தரையும் பிரிக்கேலாது" என்று சொல்லி, தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் செல்லமுத்துவுக்கு ஏழு பக்கம் எழுதினீர்கள். தோட்டத்தில் படித்து எழுதத் தெரிந்தவர் அவர்தான். தனித்தனியே போடாதீர்கள், ஒரே மனு, வட்டமாகக் கைநாட்டு, கோயிலில் சத்தியம், தோட்டத்துத் துரையின் ஆபீஸ் வழியாக வரும் எந்தக் காகிதத்தையும் நம்பாதீர்கள். எல்லாம் எழுதினீர்கள். உங்களுக்குக் காய்ச்சல் என்பதால் தபால் அலுவலகத்துக்குக் கொண்டுபோனது நான்.

அவர்கள் அப்படியே செய்தார்கள். மனு திரும்பி வந்தது. ஒவ்வொரு குடும்பத்தலைவரும் தனிப் படிவத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம். அந்தச் செய்தி உங்களுக்குக் கிடைத்தபோது கெடு முடிய நான்கு நாள் இருந்தது. மேல்கோட்டுகூட மாட்டாமல் பனியில் ஓடினீர்கள், நான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். உடனே தனித்தனியே போடுங்கள் என்று தந்தி கொடுத்தோம். தொலைபேசிக்கு முன்பதிவு செய்து ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம், இணைப்பு கிடைக்கவில்லை. நீங்கள் போய்ப் பார்த்த திருச்சபைப் பெரியவர்கள் எல்லோரும் உங்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்கள். அந்த ஒரு தடவை நீங்களே எரிச்சலோடு, "ஜெபம் என்னட்டையும் கிடக்கு" என்றீர்கள்.

மூன்று வாரம் கழித்துச் செல்லமுத்துவின் கடிதம் வந்தது. நீங்கள் அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னீர்கள். "சாமி, உங்க பேர்ல தந்தி ஒண்ணு வந்திச்சி. தொரை ஆபீஸ் வழியா வந்ததால நாங்க யாரும் நம்பல. இது பிரிக்கிற சூழ்ச்சின்னு தெரிஞ்சிக்கிட்டோம். ஒருத்தரும் தனியா போடல. நீங்க சொன்னபடியே உறுதியா இருந்துட்டோம் சாமி."

கெடு முடிந்துபோயிருந்தது, கடிதத்திலோ பெருமை பொங்கியது. நான் படித்து முடித்ததும் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி, "பாத்தீரோ? கனடாவில நடந்தது எங்கட தோட்டத்திலயும் நடந்திட்டுது" என்றீர்கள். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டீர்கள். நான் என்ன செய்ய? ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். உங்களைத் தொடக்கூடத் தெரியவில்லை எனக்கு.

ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வசந்தத்திலேயே புறப்பட்டீர்கள். பேராசிரியர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். லயத்திலேயே ஒரு காம்பரா அறையில் தங்கினீர்கள். இலங்கைக்கும் வேண்டாத, இந்தியாவின் கணக்கிலும் இல்லாத அறுபத்தொரு குடும்பங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினீர்கள். எனக்கு எழுதியது ஒரே ஒரு கடிதம். "ஒருத்தரும் என்னைக் கோவிக்கேல்லை. அதுதான் தாங்கேலாமக் கிடக்கு" என்று எழுதியிருந்தீர்கள். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி வந்தபோது உங்கள் பங்கு மாவையும் கொடுத்துவிட்டீர்களாம். பின்னாலேயே காய்ச்சல். அதையும் செல்லமுத்துதான் எழுதினார். உங்களைப் புதைத்த குழியைச் சுற்றி எல்லோரும் வட்டமாக நின்றார்களாம். அந்த வரியோடு கடிதத்தை மடித்து வைத்தவன்தான், இன்றுவரை அதற்குப் பதில் எழுதவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் ஏழு பக்கத்தை எடுத்துக்கொண்டு தபால் அலுவலகத்துக்கு நடந்தபோது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. முந்தின வருடம் நானும் என் அறை நண்பர்கள் மூன்று பேரும் தங்கும் அனுமதிக்கு ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அலுவலர் எங்கள் முகத்துக்கு நேரே அதைக் கிழித்துப்போட்டு, தனித்தனியே கொண்டுவரச் சொன்னார். வழியில் நின்று யோசித்தேன், போதகரே. திரும்பி வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஜெபத்தை, உங்கள் கனடாவை, உங்கள் நடையைக்கூட விடாமல் கேலி செய்தவன் நான். அன்றைக்கு மட்டும் மனம் வரவில்லை. வட்டமாக வைத்த அறுபத்தொரு கைநாட்டை நினைத்துப் பார்த்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எதையோ நம்பினேன். கடிதத்தைப் பதிவுத் தபாலில் கொடுத்துவிட்டு, விசில் அடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன்.

உங்களை அவர்கள் கோபிக்கக்கூட இல்லை. என்னை மன்னிக்க வேண்டியவர்களுக்கோ, அன்று வழியில் ஒருவன் நின்று யோசித்ததே தெரியாது.